பசும்பால் இல்லாமல் சீஸ் சாஸ்



பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் 'பால்' என்று சொன்னால், முதலில் அவர்கள் நினைவுக்கு வருவது எந்தப் பால்? விடிவதற்கு முன்னே பெரட்டில் நின்று, கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போய், மங்கு மங்காக வடிந்ததைச் சேர்த்துக்கொண்டு வந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தார்களே, அந்தக் கித்தா மரத்துப் பால்தான். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டதிலிருந்து, பல தலைமுறைத் தமிழர்களுக்குச் சோறு போட்ட பால் அது. அதே லயத்தின் பின்புறத்தில் கறவை மாடு கட்டியிருந்த குடும்பங்களுக்குப் பசும்பால் இரண்டாவது பால். அடுப்படியில் திருகிப் பிழிந்தெடுக்கும் தேங்காய்ப்பால் மூன்றாவது பால். மூன்றுக்கும் நாம் வைத்த பெயர் ஒன்றே.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மக்கள் தாமான்களில் குடியேறிவிட்டார்கள். மாடு கட்ட இடமில்லை. ஆனால் பாலும் பால் சார்ந்த பண்டங்களும் முன்னைவிட அதிகமாகவே நம் வீட்டிற்குள் வந்திருக்கின்றன. ரொட்டிக் கடையில் சீஸ் போட்ட ரொட்டி, பிறந்தநாள் விருந்தில் சீஸ் மக்ரோனி, பசார் மாலாமில் சீஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு! சீஸ் என்பதைப் பாலாடைக்கட்டி என்று எழுதுகிறோம். ஆனால் வீட்டில் எல்லாரும் சீஸ் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தச் சீஸை உருக்கிச் செய்யும் சாஸைப் பசும்பால் ஒரு சொட்டும் இல்லாமல் வீட்டில் எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. "சீஸ் இல்லாத சீஸ் சாஸா? உப்பில்லாத உப்புக்கண்டம் போலல்லவா இருக்கிறது!" என்று சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன், என் அக்காவின் பேரனுக்கு அந்தச் சம்பவம் நடக்கும் வரையில்.

அக்காவின் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறது. பேரனுக்கு வயது ஆறு. ஒரு பிறந்தநாள் விருந்தில் நாலு கரண்டி மக்ரோனி சாப்பிட்டான். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு பரிசோதனை செய்து பார்த்த மருத்துவர், பசும்பாலில் உள்ள புரதம் அவன் உடம்புக்கு ஆகவில்லை என்று சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் மக்ரோனி செய்தால் மற்றப் பிள்ளைகளுக்கு மஞ்சள் சாஸ். அவனுக்கு மட்டும் எண்ணெயும் உப்பும் போட்டுப் புரட்டியது. ஒரு நாள் அவன் என்னிடம் கேட்டான்: "சின்னப் பாட்டி, எனக்கு மட்டும் ஏன் வெள்ளை மக்ரோனி?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

சமையலுக்குப் போகுமுன் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். "எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது" என்று பலர் சொல்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்திற்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் அடங்கியிருக்கின்றன.

ஒன்று, பால் சர்க்கரை செரிக்காமை. பாலில் லாக்டோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அதை உடைப்பதற்கு லாக்டேஸ் என்ற நொதி குடலில் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் இது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் தாராளமாகச் சுரக்கிறது. வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. உலகத்தில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது குறைவாகவே இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஆசிய மக்களிடம் இது மிகச் சாதாரணம். இவர்கள் ஒரு குவளை பால் குடித்தால் வயிறு உப்பும், பொருமும், போகும். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. தயிரும் நன்கு முதிர்ந்த சீஸும் இவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஏனென்றால் அவை புளிக்கும்போதும் முதிரும்போதும் அந்தச் சர்க்கரை பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

மற்றொன்று, பால் ஒவ்வாமை. இது சர்க்கரையால் வருவதன்று; பாலில் உள்ள கேசீன், வே என்னும் புரதங்களால் வருவது. உடம்பு அந்தப் புரதத்தைப் பகைவன் என்று தவறாக எண்ணிப் போர் தொடுக்கிறது. தடிப்பு, வீக்கம், வாந்தி, சில சமயம் மூச்சுத்திணறல். இவர்களுக்கு ஒரு தேக்கரண்டியும் அதிகம். நெய்யில்கூட அந்தப் புரதத்தின் மிச்சம் இருக்கலாம். "பசும்பால் ஆகாவிட்டால் ஆட்டுப்பால் கொடு" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அன்பினால் சொல்வதுதான், ஆனால் ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதமும் மிக நெருங்கிய உறவு. பசும்பால் ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. ஆகவே, உங்கள் வீட்டில் இருப்பது இந்த இரண்டில் எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊகத்தில் விட்டுவிட வேண்டாம்.

ஒவ்வாமை உள்ள வீட்டில் கடைச் சாமான்களின் மேலட்டையைப் படிக்கும் பழக்கம் வேண்டும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பால், முட்டை, மீன், கடலை, சோயா போன்ற ஒவ்வாமை தரும் பொருள்கள் சேர்ந்திருந்தால் அதை மேலட்டையில் தெரிவிக்க வேண்டும். மலாய் மொழியில் 'சூசூ' என்றிருந்தால் நமக்குப் புரிந்துவிடும். 'பெப்பெஜால் சூசூ' என்றால் பாலின் திடப்பொருள்; 'கேசின்', 'கேசினாட்', 'வே' என்றாலும் பால்தான். காப்பியில் போடும் கிரீமர் தூளைப் பாருங்கள். பாலன்று என்ற பெயரில் விற்பார்கள். உள்ளே பாலிலிருந்து எடுத்த கேசினாட் இருப்பதுண்டு. பால் சர்க்கரை செரிக்காதவருக்கு அது பரவாயில்லை. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது ஆபத்து. நாம் சாஸை வீட்டிலேயே செய்வதில் பெரிய நன்மை இதுதான்: உள்ளே என்ன போனது என்று நம் கைக்குத் தெரியும்.

சரி, சீஸ் சாஸ் என்பது என்ன? அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து ஸ்டோரை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். வாளியில் வந்த பால் வெள்ளையாக, நீராக இருக்கும். அதைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட்டை அளவாகச் சேர்ப்பார்கள். சிறிது நேரத்தில் கட்டியாகிவிடும். அதை உருளையில் கொடுத்து அழுத்தி, ஷீட் ஆக்கிப் புகை போடுவார்கள். மரத்துப் பாலில் ரப்பர்த் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. ஆசிட் விழுந்ததும் அந்த விலக்கம் போய்விடுகிறது; ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன.

மாட்டுப் பாலிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே மிதப்பவை கேசீன் உருண்டைகள். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பால் திரிந்து பன்னீர் ஆகிறது. சீஸ் செய்பவர்கள் நுண்ணுயிர்களைக் கொண்டு பாலைப் புளிக்க வைத்து, ரென்னெட் என்னும் நொதியைச் சேர்த்து உறைய வைப்பார்கள். பிறகு அழுத்தி, உப்பிட்டு, நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முதிர விடுவார்கள். இந்த ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. இன்று நுண்ணுயிர்களிலிருந்தும் எடுக்கிறார்கள். சைவ உணவுக்காரர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சோயாப்பாலில் ஒருவகைச் சுண்ணாம்பு உப்பைச் சேர்த்தால் அது உறைந்து, பசாரில் நாம் வாங்கும் தௌஹு ஆகிறது. மரம், மாடு, மொச்சை போன்ற ஒரு பயறு. மூன்றிலும் பால் உறைந்து கட்டியாகும் வித்தை ஒன்றே.

சீஸில் அந்தக் கேசீன் ஒரு வலை போல நின்று, கொழுப்பைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது. சூடு பட்டால் வலை தளர்கிறது, கொழுப்பு உருகுகிறது, அதனால்தான் சீஸ் இழுபட்டு வழிகிறது. அந்தச் சீஸை மாவும் பாலும் காய்ச்சிய கூழில் கரைத்தால் அதுவே சீஸ் சாஸ். நாவில் அது என்ன செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். நான்கு வேலை செய்கிறது. முதலாவது, கரண்டியில் ஒட்டி மெதுவாக வழியும் குழைவு. இரண்டாவது, நாவில் படரும் கொழுப்பு. மூன்றாவது, உப்பும் புளிப்பும். நான்காவது, முதிர்ந்த பண்டத்திற்கே உரிய ஓர் ஆழ்ந்த சுவை. இந்த நான்கு வேலைக்கும் பசும்பாலைத் தவிர வேறு ஆள் கிடைக்குமா? நம் பேராக் சமையலறையிலேயே கிடைக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குழைவுக்கு உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கை மசிக்கும்போது மத்தால் மெதுவாக மசிக்க வேண்டும், பிளெண்டரில் போட்டால் பசையாகிவிடும் என்று சமையல் தெரிந்தவர்கள் எச்சரிப்பார்கள். உண்மைதான். கத்தி சுழலும் வேகத்தில் கிழங்கின் நுண்ணறைகள் கிழிந்து, உள்ளிருக்கும் மாவுச்சத்து வெளியே வந்து பசை போல இழுபடுகிறது. மசியலுக்கு அது குற்றம். நம் சாஸுக்கு அதுவே குணம். உருகிய சீஸின் இழுவையை அந்தப் பசைதான் கொடுக்கிறது.

கொழுப்புக்கு முந்திரிப் பருப்பு. 100 கிராம் முந்திரியில் சுமார் 44 கிராம் கொழுப்பு இருக்கிறது. அத்துடன் மாவுச்சத்தும் இருப்பதால், ஊறவைத்து அரைத்தால் பாலேடு போல வழுவழுப்பாகிவிடும். ஈப்போ புந்தோங்கில் கச்சான் பூத்தே கிராமம் என்று பெயர் பெற்ற இடத்தில், நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக முறுக்கும் கடலையும் செய்து விற்று வருவதை அறிவீர்கள். அந்தப் பக்கம் போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உப்பிட்டு வறுத்தது வேண்டாம், பச்சைப் பருப்பு வேண்டும். முந்திரி விலை கட்டாது என்பவர்கள் தோலுரித்த பச்சை நிலக்கடலையை அவித்துப் போடலாம். மெங்லெம்பு கடலை பேர் போனதுதான். ஆனால் வறுத்த கடலையைப் போட்டால் சாஸ் சாத்தேக் குழம்பு போல மணக்கும்! அவித்த கடலைக்கு அந்த வாசனை இல்லை.

உப்புக்கு உப்பு, புளிப்புக்கு எலுமிச்சை. வீட்டு வாசலில் தொட்டியில் காய்க்கும் கஸ்தூரி எலுமிச்சை போதும். நிறத்துக்கு ஒரு கேரட்டும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும்.

நான்காவது வேலைதான் கடினமானது. சீஸ் முதிரும்போது அதன் புரதம் உடைந்து குளூட்டமேட் என்னும் பொருள் வெளிப்படுகிறது. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிக்குனே இக்கேடா, கடற்பாசிக் கொதிநீரின் சுவைக்கு இந்தக் குளூட்டமேட்டே காரணம் என்று கண்டறிந்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். இது மாட்டுக்கு மட்டும் சொந்தமானதன்று. புளித்து முதிர்ந்த பல பண்டங்களிலும் உண்டு. அவற்றில் இரண்டு நம் அலமாரியிலேயே இருக்கும்.

ஒன்று மார்மைட். காய்ச்சல்காரருக்குக் கஞ்சியில் கலந்து கொடுப்போமே, அதே கறுப்புக் குழம்புதான். அது ஈஸ்ட் என்னும் நொதிப்பூஞ்சையின் சாறு. அதற்கு ஒரு மருத்துவ வரலாறும் உண்டு. 1928க்குப் பின் பம்பாயில் ஆராய்ச்சி செய்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், கர்ப்பிணித் தொழிலாளப் பெண்களின் கடும் இரத்தசோகை மார்மைட்டால் தீர்வதைக் கண்டு 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்து பின்னாளில் ஃபோலேட் என்று அறியப்பட்டது. நம் சாஸுக்கு அரைத் தேக்கரண்டி போதும். பார்லியும் கோதுமையும் ஆகாதவர்கள் மட்டும் மார்மைட்டைத் தவிர்க்க வேண்டும்.

மற்றொன்று, சீனர் கடைகளில் கண்ணாடிக் குப்பியில் விற்கும் ஃபூ யூ. அதாவது தௌஹுவைப் பூஞ்சணம் பிடிக்க வைத்து, உப்புநீரில் முதிர விட்ட துண்டுகள். விரலால் அழுத்தினால் வெண்ணெய் போல மசியும். முதன்முதலில் வாயில் வைத்தபோது, "இது சீனர்களின் சீஸ் அல்லவா!" என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை ஊறவைக்கும் நீரில் அரிசி மது சேர்ப்பது வழக்கம். அதை விரும்பாதவர்களும் சோயா ஒவ்வாதவர்களும் மார்மைட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஃபூ யூவில் உப்பு மிக அதிகம். அது சேர்ந்தால் வேறு உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இப்போது செய்முறை. நாலைந்து பேருக்குப் போதுமான அளவு சொல்கிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு நடுத்தரமாக இரண்டு, அதாவது 300 கிராம். கேரட் ஒன்று, 100 கிராம். முந்திரி 50 கிராம். பூண்டு இரண்டு பல். சின்ன வெங்காயம் மூன்று. சமையல் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மார்மைட் அரைத் தேக்கரண்டி. உப்பு முக்கால் தேக்கரண்டி. எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி. மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை.

முந்திரியைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, பூண்டும் வெங்காயமும் சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு வேகவையுங்கள். கேரட் கரண்டி பட்டதும் நசுங்க வேண்டும், அதுவே பதம். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் 200 மில்லிலிட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊறிய முந்திரியை முதலில் தனியாக, அந்த நீரில் பாதியை விட்டு, பிளெண்டரில் நன்றாக அரையுங்கள். விரலிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. பிறகு வெந்த காய்களையும் எண்ணெய், மார்மைட், உப்பு, மஞ்சளையும் போட்டு, மீதி நீரையும் விட்டு, இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். சூடான பொருளை மூடி இறுக்கி அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கியெறியும். சற்று ஆறவிட்டு, பாதியளவே நிரப்பி, துணியால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சட்டியில் ஊற்றி, சிறு தீயில் கிளறிச் சூடாக்கி, இறக்கியபின் எலுமிச்சையைப் பிழியுங்கள். வேலை முடிந்தது.

முதல் தடவை எனக்கு மூன்று தவறுகள் நேர்ந்தன. சாஸ் மணல் போல இருந்தது. முந்திரி சரியாக ஊறவில்லை. களி போல நின்றது; நீர் போதவில்லை. அதற்குச் சுடுநீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும். மூன்றாவது, சப்பென்று இருந்தது. "இன்னும் கொஞ்சம் உப்பு" என்று போட்டேன். உப்புக் கரித்ததே தவிரச் சுவை வரவில்லை. குறைந்தது புளிப்பு. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டதும் சுவை எழுந்து நின்றது. சீஸில் உப்பும் புளிப்பும் இணை பிரியாதவை என்பதை மறந்துவிடக் கூடாது.

முந்திரியும் கடலையும் ஆகாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அதில் தேங்காய்ப்பாலும் மரவள்ளி மாவும்தான் முக்கியம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல், மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் தப்பிய கதையை நம் தாத்தா பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கிழங்கின் மாவு, சூடான நீரில் வெந்தால் கண்ணாடி போலத் தெளிந்து, நூல் நூலாக இழுபடும். சீஸ் இழுபடுவது போன்ற தோற்றத்திற்கு இதைவிடச் சிறந்த மாவு கிடையாது.

ஒரு குவளை கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு குவளை நீரும் கலந்து, சிறு தீயில் வையுங்கள். குவளை என்று நான் சொல்வது 250 மில்லிலிட்டர். நசுக்கிய பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி அதில் சேருங்கள். தேங்காய் வாசனையை அது அடக்கும். ஃபூ யூ இரண்டு துண்டுகளை மசித்துப் போடுங்கள், அல்லது மார்மைட்டும் உப்பும் போடுங்கள். மஞ்சள் ஒரு சிட்டிகை. மூன்று மேசைக்கரண்டி மரவள்ளி மாவைக் கால் குவளை பச்சைத் தண்ணீரில் கரைத்து, மெல்ல ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். திடீரென்று கெட்டிப்படும், பயப்படாதீர்கள். இரண்டு நிமிடம் கிளறி இறக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். தேங்காய்ப்பாலைத் தளதளவென்று கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்காகத்தான் சிறு தீ. இந்தச் சாஸை அன்றன்றே தீர்த்துவிடுவது நல்லது. முதலில் சொன்ன உருளைக்கிழங்குச் சாஸ் குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். ஆறினால் இறுகும், சுடுநீர் தெளித்துச் சூடாக்கினால் இளகிவிடும்.

எதற்கெல்லாம் பயன்படும் என்கிறீர்களா? வேகவைத்த மக்ரோனியில் கலக்கலாம். அவித்த பூக்கோசு, புரொக்கோலி, பயற்றங்காய் மேல் ஊற்றலாம். காய்கறி என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் தட்டைக் காலி செய்வார்கள். ரொட்டித் துண்டில் தடவி, மேலே தக்காளி வைத்துச் சுட்டெடுக்கலாம். அவித்த மரவள்ளிக்கிழங்குக்கும் பொருத்தமாக இருக்கிறது என்பது என் அக்காவின் கண்டுபிடிப்பு. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பரிமாறும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பால் சேர்ந்த சட்டியில் போட்ட கரண்டியை இந்தச் சட்டியில் போடாதீர்கள். வீட்டில் எல்லாருக்குமே இதையே செய்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சாஸ் பால் போல வெண்மையாகவோ சீஸ் போல மஞ்சளாகவோ இருக்கலாம். ஆனால் இது பாலின் இடத்தை நிரப்பும் உணவு அன்று. தோற்றத்தை நம்பி ஏமாந்த வரலாறு நம் மலாயாவுக்கு உண்டு. இனிப்பூட்டிய டின் பாலைப் பச்சைக் குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விளம்பரம் செய்து விற்ற காலம் ஒன்று இருந்தது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அதைக் கரைத்துக் கொடுத்து, சத்துக் குறைவாலும் வயிற்றுப்போக்காலும் குழந்தைகள் மடிவதைச் சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் நேரில் கண்டார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்' என்பதாகும். வெள்ளையாக இருப்பதெல்லாம் குழந்தைக்குப் பாலாகாது என்ற பாடத்திற்குக் கொடுத்த விலை அது.

ஆகவே, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் ஒவ்வாவிட்டால், தாய்ப்பாலைப் பற்றியும் மாற்று உணவைப் பற்றியும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். முந்திரிப் பாலோ தேங்காய்ப்பாலோ புட்டியில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளுக்கும், பாலை நிறுத்தினால் அதில் கிடைத்த சுண்ணாம்புச் சத்தையும் புரதத்தையும் வேறு வழியில் கொடுக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. தோட்டத்தில் வேலியோரம் நின்ற முருங்கையின் கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி, சுண்ணாம்பு உப்பால் உறைய வைத்த தௌஹு ஆகியவையும் கைகொடுக்கும். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் நெத்திலிச் சம்பல், என்றாவது ஒரு மாலை இந்தச் சாஸ் ஊற்றிய மக்ரோனி என்று வைத்துக்கொண்டால், பிள்ளைக்குச் சத்தும் கிடைக்கும், ஆசையும் நிறைவேறும்.

என் அக்கா பேரனுக்கு முதன்முதலாக இதைச் செய்து, மற்றப் பிள்ளைகளின் தட்டிலும் அதையே ஊற்றினேன். அவன் தன் தட்டைப் பார்த்தான். பக்கத்துத் தட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இது எனக்கும்தானா, சின்னப் பாட்டி?" என்று கேட்டான். "எல்லாருக்கும் ஒரே சட்டிதான்" என்றேன். மறு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் அக்காள் மட்டும், "கடைச் சீஸ் இன்னும் கொஞ்சம் இழுபடும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அடுத்த முறை ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவைக் கரைத்து அதிலும் சேர்த்தேன். நீங்களும் உங்கள் வீட்டு நாக்குக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துச் செய்து பாருங்கள்.